ஆறு ஆல்பங்களும் ஓர் இடது கையும்: டோர்ஸை ஒப்பிட்டுக் கேட்க ஒரு வழிகாட்டி

டோர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடல்கள் எனக்கு முதலில் கிடைத்தது ஹாஸ்டல் அறைத்தோழன் ரைட் பண்ணிக் கொடுத்த ஒரு எம்பி3 சிடியில். அறுபது சொச்சம் பாட்டும் ஒரே ஃபோல்டரில், ஆங்கில அகரவரிசையில் கிடந்தன. 'அலபாமா சாங்', 'பேக் டோர் மேன்', 'பீன் டவுன் ஸோ லாங்', 'ப்ளூ சண்டே', 'ப்ரேக் ஆன் த்ரூ' என்று ஓடும். அதாவது 1967, 1967, 1971, 1970, மறுபடி 1967. ஒரு பாட்டில் இளவட்டக் குரல், அடுத்ததில் நாற்பதைத் தாண்டிய ஆள் போலக் கரகரத்த குரல், அதற்கடுத்து மறுபடி இளவட்டம். குழுவில் இரண்டு பாடகர்கள் இருப்பதாகவே ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடியது ஒரே ஆள்தான். ஜிம் மாரிசன். முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 22, கடைசி ஆல்பம் முடிந்தபோது 27. இடையில் நாலரை வருடம், ஆறு ஆல்பங்கள். அவற்றைக் கலைத்துப் போட்டுக் கேட்டதில் எனக்கு நிறைய நஷ்டம். அந்த நஷ்டம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்த வழிகாட்டி.

படி 1: எதையெல்லாம் கணக்கில் எடுப்பது

லாஸ் ஏஞ்சலஸில் 1965-இல் தொடங்கிய குழு இது. மாரிசனும் கீபோர்டு வாசிக்கும் ரே மன்ஸாரெக்கும் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர்கள். கிட்டார் ராபி க்ரீகர், டிரம்ஸ் ஜான் டென்ஸ்மோர். மன்ஸாரெக்குக்கு மற்ற இருவரும் அறிமுகமானது மகரிஷி மகேஷ் யோகியின் தியான வகுப்புகளில்.

ஒப்பிட வேண்டியவை ஆறு:

'தி டோர்ஸ்' – ஜனவரி 1967
'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்' – செப்டம்பர் 1967
'வெயிட்டிங் ஃபார் தி சன்' – ஜூலை 1968
'தி சாஃப்ட் பரேட்' – ஜூலை 1969
'மாரிசன் ஹோட்டல்' – பிப்ரவரி 1970
'எல்.ஏ. வுமன்' – ஏப்ரல் 1971

மொத்தம் 62 பாட்டு, நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மாரிசன் இறந்த பிறகு மற்ற மூவரும் சேர்ந்து வெளியிட்ட 'அதர் வாய்ஸஸ்' (1971), 'ஃபுல் சர்க்கிள்' (1972) இரண்டையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். கடைசியில் முதலாவதுக்கு ஒரு வேலை இருக்கிறது. மாரிசன் வாசித்துப் பதிந்து வைத்திருந்த கவிதைகளுக்கு 1978-இல் இசை சேர்த்து வந்த 'ஆன் அமெரிக்கன் ப்ரேயர்' வேறு சாதி. அதை இந்தத் தராசில் ஏற்ற வேண்டாம்.

தொகுப்பு ஆல்பங்களையும் தொடாதீர்கள். இவர்களுக்கு 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' வகைத் தொகுப்புகள் ஏராளம். அவையும் என் ஹாஸ்டல் சிடி செய்த அதே காரியத்தைக் கொஞ்சம் நாகரிகமாகச் செய்கின்றன, அவ்வளவுதான்.

படி 2: எந்தப் பதிப்பு, எதில் கேட்பது

முதலில் எதில் கேட்பது. ஃபோன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். டோர்ஸில் பாதி விஷயம் கீழே, பேஸ் சத்தத்தில் இருக்கிறது. ஃபோன் ஸ்பீக்கருக்கு அந்தப் பாதியை வெளியே கொண்டுவரும் தெம்பு கிடையாது. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. காதை நன்றாக மூடும் சாதாரண ஹெட்ஃபோன் போதும். சிடி யுகம் முழுக்க நான் மடிக்கணினி ஸ்பீக்கரில் கேட்டேன். 'யூ ஆர் லாஸ்ட் லிட்டில் கேர்ள்' பாட்டின் தொடக்கத்தில் ஒன்றும் இல்லை, சிடி கீறல் விழுந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஹெட்ஃபோன் மாட்டிய அன்றுதான் அங்கே ஒரு பேஸ் கிட்டார் தனியாக நடந்து வருவது தெரிந்தது.

அடுத்து பதிப்பு. முதல் ஆல்பத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. அதன் ஸ்டீரியோ பதிப்பு, வாசித்த வேகத்தைவிடச் சற்றே மெதுவாகப் பதிவாகி, பல பத்தாண்டுகள் அப்படியே விற்றது. 'லைட் மை ஃபயர்' சிங்கிள் (தனி ரெக்கார்டாக வந்த பதிப்பு) ஒரு சுருதியில் இருக்கும், ஸ்டீரியோ ஆல்பத்தில் அதே பாட்டு கிட்டத்தட்ட அரை சுரம் கீழே இறங்கியிருக்கும். கூடவே கிட்டார் வாசித்துப் பழகியவர்கள் எத்தனை பேர் தங்கள் கிட்டாரைச் சந்தேகப்பட்டார்களோ. 2006-07-இல் வந்த 40-ஆம் ஆண்டுப் பதிப்பில் வேகத்தைச் சரி செய்தார்கள். ஆனால் அது ரீமிக்ஸ், அதாவது பழைய பதிவை மறுபடி கலந்து அமைத்தது. 1967-இல் வெட்டிய சில சொற்களும் அதில் திரும்ப வந்துவிட்டன. 'ப்ரேக் ஆன் த்ரூ'வில் போதையைக் குறிக்கும் ஒரு சொல்லை அப்போது வானொலிக்குப் பயந்து எடுத்திருந்தார்கள். ரீமிக்ஸில் அது இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது எது என்று ஊகிக்க இந்த ஒரு சொல் உதவும்.

எது சரியான பதிப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு ஆல்பங்களையும் ஒரே வகையில் கேளுங்கள். ஒன்றை ரீமிக்ஸிலும் இன்னொன்றைப் பழைய மிக்ஸிலும் கேட்டால், ஒப்பிடுவது ஆல்பத்தை அல்ல, மிக்ஸ் செய்த ஆளை.

படி 3: அளவுகோல்

டோர்ஸ் பற்றிப் பேச்செடுத்தாலே மாரிசன்தான் வருவார். தோல் பேண்ட், கைது, பாரிஸ், 27 வயதில் மரணம். கதை பெரிய கதைதான். ஆனால் அதை வைத்து ஆல்பங்களை ஒப்பிட்டால், கடைசியில் அவருடைய எடையையும் தாடியையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

நான் சொல்லும் வழி வேறு. ஒவ்வொரு பாட்டிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: கீழே பேஸ் வாசிப்பது யார்?

காரணம் எளிது. இந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்க ஆளே இல்லை. மேடையில் மன்ஸாரெக்கின் வலது கை வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கனில் ஓடும். அந்த ஆர்கனின் தலைமேல் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸ் என்ற 32 கட்டைகள் கொண்ட சின்னப் பெட்டி இருக்கும். இடது கை அதில். வலது கை விருப்பம்போல் அலைய வேண்டுமானால் இடது கை யோசிக்காமல் உழைக்க வேண்டும். அதனால் அது நாலைந்து சுரங்களைப் பிடித்துக்கொண்டு செக்குமாடு மாதிரி அதையே சுற்றும். கேட்பவரை ஒருவித மயக்கத்துக்குக் கொண்டுபோவது அந்தச் சுழற்சிதான். சைக்கடெலிக் ராக் என்றதும் எதிரொலி, தலைகீழ் நாடா, விசித்திர ஒலிகள் என்று நினைக்கிறோம். டோர்ஸிடம் அவை குறைவு. இவர்களுடைய மயக்கம் ஒரு மனிதனின் இடது கையிலிருந்து வந்தது.

ஸ்டுடியோவில் ஒரு சிக்கல் வந்தது. பியானோ பேஸின் சத்தத்துக்குக் கூர்மை போதாது. ரெக்கார்டில் மழுங்கித் தெரிந்தது. அதனால் பாட்டுக்குப் பாட்டு வெளியிலிருந்து பேஸ் கிட்டார்காரர்களைக் கூப்பிட்டார்கள். ஆல்பத்துக்கு ஆல்பம் ஆட்கள் மாறினார்கள். வீடு அதேதான், தரை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

இதோடு இரண்டு துணைக் கேள்விகள்: பாட்டு எப்போது எழுதியது? எழுதியவர் யார்? ஒரு நோட்டில் பாட்டுக்கு ஒரு வரி எழுதிக்கொண்டே போங்கள். மார்க் போட வேண்டாம். போட்டால் கவனம் மார்க்கில் போய்விடும்.

படி 4: வரிசையாக ஒரு சுற்று

நாளைக்கு ஓர் ஆல்பம், அதிகம் வேண்டாம். எல்.பி. காலத்து ஆல்பங்கள் என்பதால் பக்கம் மாறும் இடத்தில் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். முதல் ஆல்பத்தில் 'லைட் மை ஃபயர்' முதல் பக்கத்தின் முடிவு, 'தி எண்ட்' இரண்டாம் பக்கத்தின் முடிவு. இடைவெளி விடாமல் ஓட்டினால் இந்த அமைப்பே தெரியாது.

'தி டோர்ஸ்'. ஹாலிவுட்டின் சன்செட் சவுண்ட் ஸ்டுடியோவில், ஆகஸ்ட் 1966-இல், வெறும் நான்கு டிராக்கில் (ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் தடங்கள்) பதிவானது. தயாரிப்பு பால் ராத்சைல்ட், ஒலிப்பதிவு புரூஸ் பாட்னிக். இந்தக் கூட்டணி ஐந்தாவது ஆல்பம் வரை நீடிக்கும். லண்டன் ஃபாக், விஸ்கி அ கோ கோ கிளப்களில் இரவுக்கு இரவு வாசித்துத் தேய்த்த பாட்டுகள் இவை. அந்தப் பழக்கம் கேட்டாலே தெரிகிறது. எங்கும் தடுமாற்றம் இல்லை.

'லைட் மை ஃபயர்' பாட்டை மட்டும் மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை, ஆர்கன் தனி ஆவர்த்தனம் தொடங்கும் இடத்திலிருந்து இடது கையை மட்டும். இரண்டே இரண்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்), ஏ மைனர், பி மைனர், திரும்பத் திரும்ப. ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் பாதிப்பு இது என்று குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். மன்ஸாரெக்கின் அந்த இடது கையின் மேலேயே லாரி நெக்டல் என்ற ஸ்டுடியோ கலைஞர் பேஸ் கிட்டாரால் வரைந்த கோட்டின் மேலேயே கோடு இழுத்த மாதிரி வாசித்திருக்கிறார். ஆல்பத்தில் அவர் பெயர் போடவில்லை. மூன்றாவது தடவை சிங்கிள் பதிப்பைக் கேளுங்கள். ஏழு நிமிடப் பாட்டை மூன்று நிமிடத்துக்குள் அடைக்க நடுவிலிருந்த தனி ஆவர்த்தனத்தை அப்படியே வெட்டியிருக்கிறார்கள். ஜூலை 1967-இல் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது அந்தக் குட்டைப் பதிப்புதான். எழுதியது பெரும்பகுதி க்ரீகர், மாரிசன் அல்ல. இது பலருக்கு இன்றும் ஆச்சரியம்.

'தி எண்ட்' பதினொரு நிமிடத்துக்கும் மேல். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும். க்ரீகர் கிட்டாரின் தந்திகளை மாற்றிச் சுருதி சேர்த்து, கீழே ஒரு சுரத்தை விடாமல் ஒலிக்க விட்டு, மேலே சிதார் நடையில் இழைக்கிறார். அவர் முதலில் கற்றது ஃபிளமெங்கோ கிட்டார். பிக் (தந்தி மீட்டும் சின்னத் தகடு) இல்லாமல் விரலால் வாசிப்பவர், அந்த மென்மை இங்கே கேட்கும். இதே பாட்டின் நடுவில் தந்தையையும் தாயையும் பற்றி மாரிசன் சொன்ன வரிகளுக்காகத்தான் ஆகஸ்ட் 1966-இல் விஸ்கி கிளப் இவர்களை வெளியே அனுப்பியது.

'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்'. முதல் ஆல்பத்தின் தம்பி என்று சிலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். பாட்டுகள் பலவும் அதே கையிருப்பிலிருந்து வந்தவை என்பது உண்மைதான். 'மூன்லைட் டிரைவ்' 1965-இல் வெனிஸ் கடற்கரையில் மாரிசன் மன்ஸாரெக்குக்குப் பாடிக் காட்டிய பாட்டு, குழு பிறந்ததே அதனால்தான். ஆனால் ஒலி வேறு. இப்போது எட்டு டிராக் கிடைத்துவிட்டது. விளையாட இடம் வந்துவிட்டது. தலைப்புப் பாட்டில் மாரிசனின் குரல் மூக் சின்தசைசர் என்ற மின்னணுக் கருவி வழியே போய்த் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல நெளிகிறது. ராக் இசையில் அந்தக் கருவி காலெடுத்து வைத்த மிக முந்தைய தருணங்களில் இதுவும் ஒன்று. 'லவ் மீ டூ டைம்ஸ்' பாட்டில் ஹார்ப்சிகார்டு.

பேஸ் இங்கே டக் லூபான். கிளியர் லைட் என்ற குழுவிலிருந்து வந்தவர். நெக்டல் இடது கையை நகலெடுத்தார் என்றால், லூபான் அதோடு பேசுகிறார். நான் கீறல் என்று நினைத்த அந்தத் தொடக்கம் இவருடையதுதான். 'வென் தி மியூசிக்ஸ் ஓவர்' பாட்டை 'தி எண்ட்' பாட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பதினொரு நிமிட ஆல்பம் முடிப்புகள். 'தி எண்ட்' தரையில் பாய் விரித்த மாதிரி மெல்லப் பரவுகிறது. இது நிமிர்ந்து நின்று கத்துகிறது. டென்ஸ்மோர் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே எங்கே அடிப்பார் என்று காத்திருப்பதே தனி சுகம்.

அட்டையையும் பாருங்கள். நியூயார்க் சந்து ஒன்றில் சர்க்கஸ் ஆட்கள் வித்தை காட்டுகிறார்கள். குழுவினர் சுவரில் ஒட்டிய ஒரு போஸ்டரில் மட்டும். சூப்பர் ஸ்டார் முகம் இருந்தும் அட்டையில் போடாத தைரியம். என்னுடைய முதல் இடம் இந்த ஆல்பத்துக்குத்தான், மறைக்கவில்லை.

'வெயிட்டிங் ஃபார் தி சன்'. விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைத் தொட்ட ஒரே டோர்ஸ் ஆல்பம். எனக்கு ஆறில் கடைசி.

கையிருப்பு தீர்ந்த கதை இது. 1965-இல், க்ரீகர் சேரும் முன்பே, ஆறு பாட்டுள்ள ஒரு மாதிரிப் பதிவு செய்திருந்தார்கள். அதிலிருந்து 'எண்ட் ஆஃப் தி நைட்' முதல் ஆல்பத்துக்குப் போனது. 'மூன்லைட் டிரைவ்', 'மை ஐஸ் ஹேவ் ஸீன் யூ' இரண்டாவதுக்கு. 'ஹலோ, ஐ லவ் யூ', 'சம்மர்ஸ் ஆல்மோஸ்ட் கான்' மூன்றாவதுக்கு. பானையின் அடிவரை கரண்டி போய்விட்டது. புதிதாக வர இருந்தது 'செலப்ரேஷன் ஆஃப் தி லிஸர்ட்' என்ற நீண்ட படைப்பு. ஒரு பக்கம் முழுக்க அதுவே வருவதாகத் திட்டம். சரியாக அமையவில்லை. அதிலிருந்து 'நாட் டு டச் தி எர்த்' என்ற துண்டு மட்டும் மிஞ்சியது. அந்தத் துண்டுதான் ஆல்பத்தின் உச்சம். வேடிக்கை என்னவென்றால், 'வெயிட்டிங் ஃபார் தி சன்' என்ற பாட்டே இந்த ஆல்பத்தில் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து 'மாரிசன் ஹோட்டல்' ஆல்பத்தில் வந்தது.

'ஸ்பானிஷ் கேரவன்' பாட்டை விட்டுவிடாதீர்கள். க்ரீகரின் பழைய ஃபிளமெங்கோ விரல்கள், ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பேனிஸின் 'அஸ்துரியாஸ்' மெட்டு. 'மை வைல்டு லவ்' பாட்டில் கைதட்டலும் கால்தட்டலும் குரல்களும் மட்டும். நம் கேள்விக்கு அங்கே பதிலே கிடையாது, தரை இல்லாத பாட்டு.

'தி சாஃப்ட் பரேட்'. அதிகம் திட்டு வாங்கிய ஆல்பம். வயலின் கூட்டம், பித்தளை வாத்தியங்கள், மேடைக் கச்சேரி பாணி. ராக் ரசிகர்கள் அன்று முகம் சுளித்தார்கள், இன்றும் சுளிக்கிறார்கள்.

இங்கே மூன்றாவது கேள்வி உதவுகிறது. அதுவரை எல்லாப் பாட்டுக்கும் 'டோர்ஸ்' என்று பொதுவாகப் பெயர் போட்டவர்கள், முதல்முறையாகத் தனித்தனிப் பெயர் போட்டார்கள். க்ரீகர் எழுதிய 'டெல் ஆல் தி பீப்பிள்' பாட்டில் துப்பாக்கி எடுக்கச் சொல்லும் ஒரு வரி. அது தன் கருத்தாகத் தெரியக் கூடாது என்று மாரிசன் நினைத்ததுதான் காரணம். இப்போது ஒன்பது பாட்டையும் யார் எழுதியது என்று பிரித்துப் பாருங்கள். வயலினும் பித்தளையும் ஏறியிருப்பது க்ரீகரின் நான்கு பாட்டுகளில். சிங்கிளாக வந்தவையும் அவையே. மாரிசனின் 'ஷாமன்ஸ் ப்ளூஸ்', 'வைல்டு சைல்டு' இரண்டும் பழைய டோர்ஸாகவே நிற்கின்றன. ஒரே அட்டைக்குள் இரண்டு குழுக்கள் குடித்தனம் செய்கின்றன.

2019-இல் வந்த 50-ஆம் ஆண்டுப் பதிப்பில் வயலினையும் பித்தளையையும் நீக்கிய பதிப்புகள் இருக்கின்றன. 'டச் மீ' பாட்டை இரண்டிலும் கேளுங்கள். நான் ஆவலாகப் போனேன். நீக்கினால் நல்ல பாட்டு வெளியே வரும் என்ற நம்பிக்கை. வந்தது பாதி கட்டிய வீடு. கர்டிஸ் ஏமியின் சாக்ஸஃபோன் முடிவு இல்லாமல் அந்தப் பாட்டுக்கு உயிர் இல்லை. குறை வாத்தியத்தில் இல்லை, 'ஈஸி ரைடு' போன்ற நிரப்புப் பாட்டுகளில் இருக்கிறது. பேஸில் லூபானோடு ஹார்வி புரூக்ஸ், பாப் டிலனோடு வாசித்தவர். தலைப்புப் பாட்டு எட்டு நிமிடத்துக்கும் மேல். நாலைந்து துண்டுகளை ஒட்டுப்போட்டது. ஒட்டு தெரிகிறது. தெரிந்தாலும், கடைசி மூன்று நிமிடத்தில் எல்லாரும் சேர்ந்து ஓட ஆரம்பித்ததும் மன்னித்துவிடுகிறேன்.

'மாரிசன் ஹோட்டல்'. இதற்கு முன் நடந்ததை ஒரு வரியில் சொல்ல வேண்டும். மார்ச் 1, 1969 அன்று மியாமி மேடையில் அநாகரிகமாக நடந்துகொண்டதாக மாரிசன் மேல் வழக்கு, நாடெங்கும் கச்சேரிகள் ரத்து. (அரசு மன்னிப்பு 2010-இல்தான் வந்தது, அவர் இறந்து 39 ஆண்டு கழித்து.) மேடை போனதும் குழு ஸ்டுடியோவில் ப்ளூஸுக்குத் திரும்பியது.

'ரோட்ஹவுஸ் ப்ளூஸ்' பாட்டில் பேஸ் லானி மேக். அவரே பெயர் பெற்ற கிட்டார் கலைஞர். ஹார்மோனிகா ஜான் செபாஸ்டியன், வேறு பெயரில். மற்ற பெரும்பாலான பாட்டுகளில் பேஸ் ரே நெபாலிட்டன். இப்போது தரை கெட்டியாகிவிட்டது. பேஸ் கிட்டாரே வண்டியை இழுக்கிறது, மன்ஸாரெக்கின் இடது கை பியானோவில் தாளத்தோடு சேர்ந்துகொள்கிறது. செக்கைச் சுற்றுவது நின்றுவிட்டது. அதனால்தான் இது நல்ல ராக் ஆல்பம், ஆனால் சைக்கடெலிக் குறைவு. ஒரு விதிவிலக்கு 'இந்தியன் சம்மர்'. சுருதியில் மிதக்கும் பாட்டு. ஏன் தனியாகத் தெரிகிறது என்று தேடினால், அது 1966-இல் முதல் ஆல்பத்துக்காகப் பதிவு செய்து மிஞ்சியது.

அட்டைப்படம் எடுத்தவர் ஹென்றி டில்ட்ஸ். லாஸ் ஏஞ்சலஸில் அந்தப் பெயரில் உண்மையாகவே ஒரு மலிவு ஹோட்டல் இருந்தது. உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று வரவேற்பில் சொல்லிவிட்டார்கள். ஆள் எழுந்து போன நேரம் பார்த்து நால்வரும் ஓடிப்போய் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார, வெளியே நின்று டில்ட்ஸ் கிளிக் செய்தார்.

'எல்.ஏ. வுமன்'. ராத்சைல்ட் புதுப் பாட்டுகளைக் கேட்டுச் சலித்து விலகிவிட்டார். பாட்னிக்கும் குழுவுமே தயாரித்தார்கள், சான்ட்டா மோனிகா புலிவார்டில் இருந்த தங்கள் ஒத்திகைக் கட்டடத்திலேயே. மாரிசன் குளியலறையில் நின்று பாடினார். அந்த ஓடு பதித்த சுவரின் எதிரொலி குரலில் இருக்கிறது. இன்னொரு முக்கியமான மாற்றம்: எல்விஸ் பிரெஸ்லியின் பேஸ் கலைஞர் ஜெரி ஷெஃப், தாளக் கிட்டாருக்கு மார்க் பென்னோ. முதல்முறையாகத் தரை அமைக்கும் வேலை முழுக்க வேறு ஆட்கள் கையில். மன்ஸாரெக்கின் இரண்டு கையும் காலி.

அந்தச் சுதந்திரத்தோடு அவர் என்ன செய்தார் என்பதற்கு 'ரைடர்ஸ் ஆன் தி ஸ்டார்ம்' சாட்சி. மின் பியானோவில் மேலிருந்து கீழே உதிரும் சுரங்கள், மழை மாதிரி. ஷெஃப் கீழே வாசிக்கும் சுழற்சியைக் கவனியுங்கள். 1966-இல் இடது கை செய்த அதே வேலை, அதே சுற்று. இப்போது வேறொருவர் விரலில். குரலுக்கு அடியில் இன்னொரு குரல் அதே வரிகளைக் கிசுகிசுக்கிறது. அதுவும் மாரிசன்தான், தனியாகப் பதிந்து சேர்த்தது. ஹெட்ஃபோனில் முதல்தடவை கேட்டபோது அறையில் யாரோ இருப்பதாகத் திரும்பிப் பார்த்தேன்.

தலைப்புப் பாட்டின் நடுவில் வேகம் குறைந்து மெல்ல ஏறும் இடத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் 'மிஸ்டர் மோஜோ ரைசின்', அவருடைய பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கியது. ஆல்பம் வருவதற்குள் அவர் பாரிஸ் போய்விட்டார். ஜூலை 3, 1971 அன்று அங்கேயே இறந்தார்.

படி 5: ஜோடி போட்டுக் கேட்பது

ஒரு சுற்று முடிந்தபின் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அப்புறம் இந்த ஜோடிகள்.

'பேக் டோர் மேன்' (1967), 'க்ராலிங் கிங் ஸ்னேக்' (1971). இரண்டும் பழைய ப்ளூஸ் பாட்டுகளின் மறுவாசிப்பு. முதலாவதில் ப்ளூஸ் பாடகன் வேஷம் போடும் இளைஞன். இரண்டாவதில் வேஷம் போடத் தேவையில்லாத ஆள்.

'தி எண்ட்', 'இந்தியன் சம்மர்'. ஒரே காலத்து, ஒரே சுருதிப் பித்து. ஒன்று ஏன் பதினொரு நிமிடம் தாங்குகிறது, இன்னொன்று ஏன் மூன்று நிமிடத்துக்குள்ளேயே போதும் என்கிறது என்று பாருங்கள். என் பதில் டென்ஸ்மோர். 'தி எண்ட்' பாட்டில் டிரம்ஸ் கதை சொல்கிறது, மற்றதில் தாலாட்டுகிறது.

'லைட் மை ஃபயர்', 'ரைடர்ஸ் ஆன் தி ஸ்டார்ம்'. ஏறக்குறைய ஒரே நீளம், இரண்டிலும் நடுவில் நீண்ட கீபோர்டு. இந்த ஜோடிக்கு மட்டும் ஒரு மாலை முழுக்க ஒதுக்குங்கள்.

படி 6: உங்கள் வரிசை

என்னுடையது இது: 'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்', 'எல்.ஏ. வுமன்', 'தி டோர்ஸ்', 'மாரிசன் ஹோட்டல்', 'தி சாஃப்ட் பரேட்', 'வெயிட்டிங் ஃபார் தி சன்'. முதல் ஆல்பத்தை மூன்றாவதாக வைத்ததற்குச் சண்டைக்கு வருவார்கள். யாருக்காவது ஒரே ஓர் ஆல்பம் பரிந்துரைக்கச் சொன்னால் நானும் அதைத்தான் கொடுப்பேன். பரிந்துரை வேறு, வரிசை வேறு. இரண்டாம் பக்கத்தில் 'ஐ லுக்ட் அட் யூ' போன்ற லேசான பாட்டுகள் இருப்பது அதற்கு இழுக்கு. 'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்' ஆல்பத்தில் எடுத்துவிடலாம் என்று ஒரு பாட்டையும் கைகாட்ட முடியவில்லை.

வரிசையை எழுதி முடித்தபின், ஓரமாக வைத்த 'அதர் வாய்ஸஸ்' ஆல்பத்தை எடுங்கள். மாரிசன் இறந்து மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 1971-இல் வந்தது. பாடுவது மன்ஸாரெக்கும் க்ரீகரும். அதில் 'ஷிப்ஸ் வித் சேல்ஸ்' என்ற ஏழரை நிமிடப் பாட்டு. பேஸ் இருக்கிறது, சுழற்சி இருக்கிறது, நடுவில் கீபோர்டும் கிட்டாரும் மாறி மாறிப் பேசுவது அருமையாகவே இருக்கிறது. இத்தனை பக்கமும் இடது கையைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு இதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது: வாத்தியப் பகுதி முடிந்து பாட்டு திரும்பும் இடத்தில் என் காது ஒவ்வொரு தடவையும் வேறொரு குரலுக்குத் தயாராகிறது. வருவது மன்ஸாரெக்கின் குரல்.